எல்லை மலைகளில் தவளைகளையும் ஊர்வனவற்றையும் கணக்கெடுத்தல்: தன்னார்வலர்களுக்கான முழுமையான வழிகாட்டி

வால்பாறை, மூணாறு, தேவிகுளம், மறையூர் மலைகளிலும், பாலக்காட்டுக் கணவாயை ஒட்டிய சித்தூர், கொல்லங்கோட்டுச் சமவெளியிலும் தமிழ் பேசும் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. லயத்துக்கு (எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) பின்னால் ஓடும் ஓடை, நெல்வயலின் வரப்பு, தென்னந்தோப்புக் கிணறு, பள்ளிக்கூடத்துத் தண்ணீர்த் தொட்டி என இவர்கள் அன்றாடம் கடந்து செல்லும் இடங்கள் எல்லாமே தவளைகளுக்கும் பல்லிகளுக்கும் பாம்புகளுக்கும் வாழிடங்கள். வெளியிலிருந்து வரும் ஆய்வாளர் சில வாரங்கள் தங்கிப் பார்த்துவிட்டுத் திரும்புவார். ஒரே ஓடையை ஆண்டு முழுவதும், அதுவும் பல ஆண்டுகள், ஒரே முறையில் பார்த்துக் குறித்து வைப்பது அங்கேயே குடியிருப்பவர்களால்தான் இயலும். இவ்வழிகாட்டி அவர்களுக்காக எழுதப்பட்டது.

2023-ல் வெளியான உலகளாவிய மதிப்பீட்டின்படி நீர்நில வாழ்வனவற்றில் ஏறத்தாழ 41 விழுக்காடு இனங்கள் அழியும் ஆபத்தில் உள்ளன. ஊர்வனவற்றுக்கு 2022-ல் வெளியான மதிப்பீடு 21 விழுக்காடு என்கிறது. இத்தகைய மதிப்பீடுகளைச் செய்வோருக்கு ஓர் இனம் எங்கெங்கே வாழ்கிறது, அங்கே குறைந்து வருகிறதா என்ற இரண்டு விவரங்களும் தேவை. முதல் விவரத்துக்கு ஒரு நல்ல படமே போதும். இரண்டாவதற்கு ஒழுங்கான தொடர் கணக்கெடுப்பு வேண்டும். அரிய தவளை ஒன்றின் அழகான படத்தைக் காட்டிலும், சாதாரணத் தவளைகளைப் பற்றிய ஐந்தாண்டுப் பதிவேடு பாதுகாப்புப் பணிக்குக் கூடுதலாக உதவும் என்பதே என் உறுதியான கருத்து. கீழே சொல்லப்படும் முறைகள் அனைத்தும் அந்தப் பதிவேட்டை உருவாக்குவதற்கானவை.

முதற்படி: மலையையும் மழையையும் அறிந்துகொள்ளுதல்

ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலமுள்ள பாலக்காட்டுக் கணவாய், மேற்குத் தொடர்ச்சி மலையை இரண்டாகப் பிரிக்கிறது. கணவாய்க்கு வடக்கே நீலகிரிப் பக்கத்தில் வாழும் புதர்த்தவளைகளில் பல, தெற்கே ஆனைமலைப் பக்கத்தில் இல்லை. தெற்கே உள்ளவற்றில் பல வடக்கே இல்லை. நீலகிரிக்கென எழுதப்பட்ட கையேட்டை வைத்துக்கொண்டு வால்பாறைத் தவளைக்குப் பெயர் சூட்டுவது தவறில் முடியலாம். ஆனைமலையிலும் மூணாற்றுப் பகுதியிலும் மட்டுமே அறியப்பட்ட பறக்கும் தவளை இனம் ஒன்று 2000-ல்தான் அறிவியலுக்கு அறிமுகமானது. ஆனைமுடியின் உச்சிப் புல்வெளியில் வாழும் செந்நிறப் புதர்த்தவளை 2010-ல் விவரிக்கப்பட்டது. மலைத்தொடர் முழுவதையும் எடுத்துக்கொண்டால், 2014-ல் ஒரே கட்டுரையில் 14 நடனத் தவளை இனங்களும், 2017-ல் 7 இரவுத் தவளை இனங்களும் புதிதாகச் சேர்ந்தன. அந்த ஏழில் நான்கு, 18 மில்லிமீட்டருக்கும் சிறியவை. எனவே உங்கள் ஓடையில் காணும் சிறு பழுப்புத் தவளைக்கு இனப்பெயர் கிடைக்காவிட்டால் வருந்த வேண்டாம். பேரினம் (நெருங்கிய உறவுடைய இனங்களின் தொகுதி) வரை சரியாக எழுதினாலே அது மதிப்புள்ள பதிவாகும்.

மழை, மலையின் எப்பக்கத்தில் நிற்கிறோம் என்பதைப் பொறுத்தது. வால்பாறையும் மூணாறும் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையை முழுமையாகப் பெறுகின்றன. மறையூரும் சின்னாறும் மழைமறைவுப் பகுதிகள். உடுமலை, பொள்ளாச்சி ஊர்களைப் போலவே அங்கும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழை முக்கியமானது. மூணாற்றிலிருந்து மறையூருக்கு இறங்கும் ஒரு மணி நேரப் பயணத்தில் சோலைக்காடும் ஈரப்பாறையும் முடிந்து முட்புதர்க் காடு தொடங்கிவிடும். சின்னாறு சரணாலயத்தின் வறண்ட காட்டில் நட்சத்திர ஆமை உண்டு. அருகிலிருக்கும் அமராவதி நீர்த்தேக்கத்தில் முதலைகள் வாழ்கின்றன. ஆகவே கணக்கெடுப்புக்கான நாட்காட்டியை உங்கள் ஊரின் மழையைப் பார்த்தே வகுக்க வேண்டும்.

இனப்பெருக்க முறைகளையும் தெரிந்துகொள்ளுங்கள். தவளை என்றாலே குளத்தில் முட்டை, பிறகு தலைப்பிரட்டை, பிறகு குட்டித்தவளை என்றுதான் பள்ளியில் படித்திருக்கிறோம். இம்மலைகளில் இதற்கு விலக்காக வாழ்பவை ஏராளம். புதர்த்தவளைகளுக்குத் தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது. ஈரமான சருகடியிலோ இலையிலோ இடப்படும் முட்டைக்குள்ளேயே வளர்ச்சி முழுவதும் நடந்து, முட்டையிலிருந்து நேராகக் குட்டித்தவளை வெளிவருகிறது. சில இனங்கள் மூங்கிலின் கணுவிடைப் பொந்துக்குள் சிறு வெடிப்பின் வழியே நுழைந்து முட்டையிடுகின்றன. பச்சை நிறப் பறக்கும் தவளை, நீருக்கு மேலே தொங்கும் கிளையில் நுரைக்கூடு கட்டுகிறது. முட்டை பொரிந்ததும் தலைப்பிரட்டைகள் கீழேயுள்ள நீரில் விழுகின்றன. இரவுத் தவளைகள் ஓடைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் இலைகளிலும் பாறைகளிலும் முட்டையிடும். நடனத் தவளை, ஓடையின் மணலைப் பின்காலால் தோண்டி முட்டைகளைப் புதைக்கும். தாவும் தவளைகளின் தலைப்பிரட்டைகள் நீரை விட்டு வெளியே, நீர் கசியும் பாறை முகத்தில் ஒட்டி வாழும். 2003-ல் இடுக்கியிலிருந்து விவரிக்கப்பட்ட ஊதாத்தவளை, ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்குள் கழித்துவிட்டு, கோடைமழையை ஒட்டிச் சில நாட்கள் மட்டுமே மேலே வருகிறது. அதன் தலைப்பிரட்டைகள் உறிஞ்சு வாயால் பாறையைப் பற்றிக்கொண்டு பாயும் நீரில் வளர்கின்றன. குட்டைகளை மட்டும் பார்த்துவிட்டு 'இங்கே தவளை இல்லை' என்று எழுதுவோர் இவை அனைத்தையும் தவறவிடுவார்கள்.

இரண்டாம் படி: இடத்தைத் தேர்ந்தெடுத்தல்

நடந்தே சென்றுவரக்கூடிய, இரவில் பாதுகாப்பான, அடுத்த ஐந்தாண்டுகளுக்கு நீங்கள் அணுகக்கூடிய ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். அது அழகாக இருக்க வேண்டியதில்லை. தேயிலைக்கு நடுவே செல்லும் ஓடையில் 100 மீட்டர் நீளம், ஊர்க்குளத்தின் ஒரு கரை, வயல்வெளியில் இரண்டு வரப்புகள் ஆகியவற்றில் ஒன்று போதும். இரண்டு இடங்களை எடுத்துக்கொள்ள முடிந்தால், ஒன்று மரநிழல் உள்ளதாகவும் மற்றொன்று வெட்டவெளியாகவும் இருக்கட்டும். அவ்விரண்டையும் ஒப்பிடுவதன் மூலம், நிழல் குறைந்தால் எவை மறைகின்றன என்பதை எஸ்டேட் நிர்வாகத்திடம் எடுத்துச் சொல்ல முடியும்.

பாதையின் தொடக்கத்தையும் முடிவையும் கைப்பேசியின் ஜி.பி.எஸ். மூலம் குறித்துக்கொள்ளுங்கள். அதோடு, கண்ணால் பார்த்து அடையாளம் காணக்கூடிய குறிப்பையும் எழுதுங்கள்: எஸ்டேட் ஃபீல்டு எண் பலகை, பாலத்தின் கைப்பிடிச் சுவர், பெரிய நாவல் மரம் போன்றவை. மரத்தில் ஆணி அடிப்பதோ பாறையில் பெயின்ட் பூசுவதோ வேண்டாம்.

மூன்றாம் படி: அனுமதி

இந்தப் படியைத் தாண்டிச் செல்ல வழியே இல்லை. காப்புக்காடு, சரணாலயம், புலிகள் காப்பகம், தேசியப் பூங்கா ஆகியவற்றுக்குள் எழுத்துபூர்வமான அனுமதியின்றி நுழைவது குற்றம். ஆனைமலை புலிகள் காப்பகம் தமிழ்நாட்டு வனத்துறையின் கீழும், பரம்பிக்குளம், இரவிகுளம், சின்னாறு ஆகியவை கேரள வனத்துறையின் கீழும் வருகின்றன. ஒரு மாநிலம் தந்த அனுமதி மற்றதில் செல்லாது. ஓடை எல்லையைத் தாண்டி ஓடினாலும் நீங்கள் எல்லையிலேயே நின்றுவிட வேண்டும். தனியார் எஸ்டேட் என்றால் மேனேஜரிடம் கடிதம் கொடுத்து, நாள், நேரம், வருவோர் பெயர்கள் ஆகியவற்றை முன்கூட்டியே தெரிவியுங்கள். இரவுக் காவலருக்கும் தகவல் சொல்லிவிடுங்கள். தோப்பு, வயல் என்றால் உரிமையாளரின் ஒப்புதல் வேண்டும்.

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2022-ல் திருத்தப்பட்டது. உடும்பு, மலைப்பாம்பு, நட்சத்திர ஆமை ஆகியவை இன்று அதன் முதல் அட்டவணையில் இருக்கின்றன. பட்டியலில் உள்ள உயிர்களைப் பிடிப்பதற்கும், எடுத்துச் செல்வதற்கும், வீட்டில் வைத்திருப்பதற்கும் ஆய்வாளர்களே தனி அனுமதி பெற வேண்டும் என்பதால், தன்னார்வலர் எதையும் கையால் தொடக்கூடாது என்று விதித்துக்கொள்வதே நேர்வழி. தவளைக்கும் அதுவே நல்லது. அதன் தோல் நீரையும் காற்றையும் உள்வாங்கும் உறுப்பாக இருப்பதால், நம் கையிலிருக்கும் கொசுவிரட்டிக் களிம்பும் சோப்பும் உப்பும் அதற்குத் தீங்கு செய்யும்.

வீட்டுக்குள் பாம்பு புகுந்தால் மீட்பது வேறு பணி. கேரளத்தில் வனத்துறையின் 'சர்ப்பா' செயலி வழியாக, பயிற்சியும் சான்றும் பெற்ற மீட்பாளர்களை அழைக்கலாம். தமிழ்நாட்டுப் பக்கத்தில் வனத்துறையின் ரேஞ்ச் ஆபீசுக்கோ தீயணைப்பு நிலையத்துக்கோ தகவல் சொல்லுங்கள். கணக்கெடுப்புக் குழு அந்தப் பணியைத் தன் தோளில் ஏற்றிக்கொள்ளக்கூடாது.

நான்காம் படி: கருவிகள்

அதிகம் தேவையில்லை. தலையில் கட்டும் டார்ச் ஒன்றும் கை டார்ச் ஒன்றும் மாற்று பேட்டரியுடன் ஆளுக்கொன்று வேண்டும். ரப்பர் கம்பூட்ஸ், அட்டைப்பூச்சி கடிக்காமல் காக்கும் காலுறை, மழைக்கோட்டு, நனையாத அட்டையில் செருகிய பதிவுத்தாள், பென்சில், வெப்பமும் ஈரப்பதமும் காட்டும் சிறிய மானி, ஒலிப்பதிவுக்கும் படத்துக்கும் கைப்பேசி, முதலுதவிப் பை ஆகியவை போதும். பேனா மை மழையில் கரைந்துவிடும் என்பதால் பென்சிலே நல்லது.

கம்பூட்ஸ் பற்றி ஒரு முக்கியமான செய்தி உண்டு. உலகின் பல பகுதிகளில் தவளைகளைக் கூட்டமாகக் கொன்ற கைட்ரிட் பூஞ்சை மேற்குத் தொடர்ச்சி மலையிலும் கண்டறியப்பட்டுள்ளது. ஓர் ஓடையின் சேற்றை மற்றோர் ஓடைக்குக் காலணியில் சுமந்து செல்லும் பாவம் நமக்கு வேண்டாம். திரும்பியதும் சேற்றைத் தேய்த்துக் கழுவி, ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்துக்கு ஒன்பது பங்கு நீர் என்ற அளவில் கலந்த கரைசலில் நனைத்து, நல்ல நீரில் அலசி, வெயிலில் முழுக்கக் காயவிடுங்கள். கழுவிய நீரை ஓடையிலோ சாக்கடையிலோ விடாமல், நீர்நிலைக்கு வெகுதூரத்தில் வெறும் தரையில் ஊற்றுங்கள்.

ஐந்தாம் படி: ஓடையோர இரவுக் கணக்கெடுப்பு

இந்த முறைக்குக் கண்டறி கணக்கெடுப்பு என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். குறித்த தூரத்தைக் குறித்த நேரத்தில் மெதுவாக நடந்து, காணும் ஒவ்வோர் உயிரையும் பதிவதே இதன் சாரம். சூரியன் மறைந்து அரை மணி நேரம் கழித்துத் தொடங்கி, 100 மீட்டரை ஒரு மணி நேரத்தில் கடப்பது நல்ல வேகம். ஒருவர் தரையையும் நீர்விளிம்பையும் பார்க்க, இன்னொருவர் இடுப்பிலிருந்து தலைக்கு மேல் வரையுள்ள இலைகளையும் கிளைகளையும் பார்க்க, மூன்றாமவர் எழுதட்டும். இந்தப் பொறுப்புகளை ஒவ்வொரு முறையும் மாற்றிக்கொள்ளலாம், ஆனால் ஆள் எண்ணிக்கை மாறாமல் இருப்பது நல்லது.

டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில், கண்மட்டத்தில் பிடியுங்கள். தவளையின் கண்ணில் பட்டுத் திரும்பும் ஒளி அப்போதுதான் உங்களுக்குத் தெரியும். சிலந்திகளின் கண்களும் மின்னும் என்பதால், அருகே சென்று உறுதிசெய்த பிறகே எழுத வேண்டும். இலையின் மேற்பரப்பை மட்டும் பார்க்காமல் அடிப்பக்கத்தையும் பாருங்கள். இரவுத் தவளைகளின் முட்டைகள் ஓடைக்கு மேலே தொங்கும் இலைகளில் ஒட்டியிருக்கும். அவற்றின் கீழே ஆண் தவளை காத்திருப்பதும் உண்டு. கற்களையும் விழுந்த மரக்கட்டைகளையும் புரட்ட வேண்டாம் என்பது என் கண்டிப்பான பரிந்துரை. சிறு பல்லிகள் கல்லடியில் முட்டையிடும், காலற்ற நீர்நில வாழ்வன ஈரமண்ணில் வாழும். புரட்டிய கல் பழையபடி பொருந்தாவிட்டால் அந்த ஈரம் போய்விடும். சில ஆய்வுமுறைகளில் புரட்டுவது உண்டென்றாலும், மாதந்தோறும் அதே இடத்துக்கு வரும் குழு அதைச் செய்தால், ஓராண்டுக்குள் கணக்கெடுக்கும் இடத்தைத் தானே பாழாக்கிவிடும்.

கண்ட ஒவ்வோர் உயிருக்கும் நேரம், இனம் அல்லது பேரினம், எண்ணிக்கை, எதன் மேல் இருந்தது, தரையிலிருந்து உயரம், நீரிலிருந்து தூரம், என்ன செய்துகொண்டிருந்தது ஆகியவற்றை எழுதுங்கள். நடந்த பாதையிலேயே திரும்பும்போது கண்டவற்றைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

நடனத் தவளைகளுக்கு மட்டும் பகல்நேர நடை ஒன்று தேவைப்படும். பாயும் ஓடையின் இரைச்சலில் குரல் கேட்காது என்பதால், ஆண் தவளை பாறைமேல் அமர்ந்து பின்காலை நீட்டி விரல்களை விரித்துக் காட்டும். காலையில் ஓடைப்பாறைகளுக்கு எதிரே கால்மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தால் அதைக் காணலாம்.

ஆறாம் படி: குரல் கணக்கெடுப்பு

எனக்கு மிகவும் விருப்பமான முறை இது. புதர்த்தவளைகளைக் கண்ணால் காண்பது கடினம், காதால் கேட்பது எளிது. தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும் இனங்களைக் குரலால் பிரித்தறிய முடிந்த நிகழ்வுகள் பல. ஆண் தவளைகளே கூப்பிடுகின்றன, ஒவ்வோர் இனத்துக்கும் தனிக் குரல் உண்டு. வயதானவர்களும், சரிவில் இறங்க இயலாதவர்களும் வீட்டு வாசலிலிருந்தே பங்கேற்கக்கூடிய முறையும் இதுதான்.

சாலையோரமாகவோ எஸ்டேட் பாதையிலோ, ஒன்றுக்கொன்று குறைந்தது 250 மீட்டர் இடைவெளியில் சில நிறுத்தங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். நிறுத்தத்தை அடைந்ததும் விளக்கை அணைத்து இரண்டு நிமிடம் பேசாமல் நில்லுங்கள். காலடிச் சத்தத்தில் அடங்கிய தவளைகள் அதற்குள் மீண்டும் கூப்பிடத் தொடங்கும். பிறகு ஐந்து நிமிடம் கேளுங்கள். ஒவ்வோர் இனத்துக்கும் 0 முதல் 3 வரை எண் கொடுங்கள். குரலே இல்லை என்றால் 0. தனித்தனியாக எண்ணக்கூடிய, ஒன்றன்மேல் ஒன்று விழாத குரல்கள் என்றால் 1. குரல்கள் ஒன்றோடொன்று கலந்தாலும் ஓரளவு பிரித்தறிய முடிந்தால் 2. இடைவெளியே இல்லாத முழுக்கூட்டொலி என்றால் 3. இனப்பெயர் தெரியாதபோது 'குரல் அ', 'குரல் ஆ' என்று எழுதி, அரை நிமிட ஒலிப்பதிவை அதே பெயரில் சேமியுங்கள். பின்னர் அறிந்தவர் ஒருவர் கேட்டுப் பெயர் சொன்னதும் பழைய தாள்கள் அனைத்திலும் பெயரை நிரப்பிவிடலாம். அதனால் இரண்டு ஆண்டுக்கு முந்தைய ஒலிப்பதிவையும் அழிக்கக்கூடாது.

பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டுத் தவளையை அழைக்காதீர்கள். அது ஆண் தவளையின் வலுவை வீணாக்குவதோடு, கணக்கையும் திரித்துவிடும். பலத்த மழையிலும் பெருங்காற்றிலும் கேட்கும் திறன் குறைவதால் அன்றைய கணக்கெடுப்பைத் தள்ளிவைத்துவிடுங்கள். கணவாய்ப் பகுதியில் காற்று வீசும் மாதங்களில் இது அடிக்கடி நேரும்.

ஏழாம் படி: ஊர்வனவற்றுக்கான பகல் நடை

ஊர்வன வெயிலில் உடலைச் சூடேற்றிக்கொள்பவை என்பதால், மலைப்பகுதியில் மூடுபனி விலகிய பின் காலை எட்டு முதல் பதினொரு மணி வரை நடப்பது ஏற்றது. சமவெளியில் இன்னும் முன்னதாகத் தொடங்கலாம். ஓணானும் அரணையும் எங்கும் உண்டு. பாக்குத்தோப்பின் மரத்தண்டுகளில் பறக்கும் ஓணானைத் தேடுங்கள், அது தலையை உயர்த்தித் தொண்டைச் சவ்வை விரிக்கும்போதுதான் கண்ணில் படும். உயர்மலைச் சோலைகளில் ஆனைமலை முள்ளோணான் வாழ்கிறது. வறண்ட மறையூர்ப் பக்கத்தில் பச்சோந்தியும், விசிறித் தொண்டை ஓணானும் இருக்கும்.

பாம்பைத் தேடி நடக்காதீர்கள், எதிர்ப்பட்டதை மட்டும் பதியுங்கள். இரண்டு மீட்டருக்கும் குறைவான தூரத்தில் எந்தப் பாம்பையும் நெருங்க வேண்டாம். தேயிலையிலும் காப்பியிலும் மூக்கு மேடிட்ட குழிவிரியன்கள் வாழ்கின்றன. உயரமான இடங்களில் பெருஞ்செதில் குழிவிரியனும் மலபார்க் குழிவிரியனும் இலைநிறத்தில் அசையாமல் கிடக்கும். நம் நாட்டில் கிடைக்கும் பன்முக நஞ்சுமுறி நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்காகத் தயாரிக்கப்படுவது. குழிவிரியன்களின் நஞ்சை அது முறிக்காது என்பதால், மலைத்தோட்டத்தில் எச்சரிக்கை இன்னும் கூடுதலாக வேண்டும்.

மழைக்காலத்தில் தோட்டச் சாலைகளில் ஊர்ந்து வரும் கேடயவால் பாம்புகளும், மண்புழுவைப் போன்ற தோற்றமுடைய காலற்ற நீர்நில வாழ்வனவும் நஞ்சற்றவை. ஆயினும் பாம்புக்குட்டி என்று அஞ்சி அடித்துக்கொல்லப்படுபவை இவையே. கேடயவால் பாம்பின் வால்முனை சொரசொரப்பாகத் தட்டையாக இருக்கும், மண்புழுக்களே அதன் உணவு. லயங்களில் இவற்றின் படங்களைக் காட்டி விளக்குவதைக் கணக்கெடுப்பின் ஒரு பகுதியாகவே கொள்ள வேண்டும் என்று நான் வலியுறுத்துவேன்.

காடர், முதுவர், மலசர் பழங்குடி மக்களிடம் இவ்வுயிர்களைப் பற்றிய நுட்பமான அறிவு இருக்கிறது. நெடுங்காலம் காணப்படாதிருந்த பிரம்பாமையை 1982-ல் சாலக்குடிக் காடுகளில் மீண்டும் கண்டறிந்தவர், இந்தியாவின் முதல் பெண் ஊர்வனவியலாளர் ஜெ. விஜயா. அவருடைய பெயரிலேயே அந்த ஆமையின் பேரினம் இன்று வழங்குகிறது. அவர் காட்டில் பணியாற்றியது காடர் மக்களின் துணையோடுதான். உங்கள் குழுவில் பழங்குடியினர் வழிகாட்டியாக வந்தால் நாட்கூலி கொடுங்கள், பதிவில் அவர்கள் பெயரையும் அவர்கள் விருப்பப்படி சேருங்கள்.

எட்டாம் படி: சாலையில் இறந்தவை

ஆனைமலைச் சாலைகளில் வாகனங்களால் மடியும் நீர்நில வாழ்வனவற்றையும் ஊர்வனவற்றையும் பற்றிய ஆய்வு 2001-லேயே வெளிவந்துள்ளது. நாற்பது கொண்டை ஊசி வளைவுகளுள்ள ஆழியாறு–வால்பாறைச் சாலையில் போக்குவரத்து ஓய்வதில்லை. காலையில் வேலைக்கோ பள்ளிக்கோ நடந்து செல்லும் ஒரு கிலோமீட்டர் தூரத்தில் நசுங்கிக் கிடப்பவற்றைப் படமெடுத்துக் குறிப்பது யாராலும் முடியும். சாலையின் எந்த இடத்தில் சாவு குவிகிறது என்று தெரிந்தால், அங்கே வேகத்தடையோ நீர்போக்குக் குழாய்ப் பாலமோ கேட்டு நெடுஞ்சாலைத் துறைக்கு மனு கொடுக்கலாம். வளைவுகளில் நிற்க வேண்டாம். ஒளிரும் மேலங்கி அணியுங்கள். உடலைத் தொடாமல், காகிதத்தில் வரைந்த அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் படமெடுங்கள்.

ஒன்பதாம் படி: படமும் அடையாளமும்

தவளைக்கு நான்கு கோணங்கள் வேண்டும்: மேலிருந்து முழு உடல், பக்கவாட்டில் கண்ணும் செவிப்பறையும் தெரியும்படி தலை, பின்கால் விரல்களிடையே உள்ள சவ்வு, இடுப்பின் பக்கநிறம். பல புதர்த்தவளைகளில் முதுகுநிறம் ஒரே இனத்துக்குள் வெகுவாக மாறுபடும், ஆனால் கருவிழியைச் சுற்றிய நிறமும் இடுப்புப்புள்ளிகளும் உதவும். பல்லிக்குப் பக்கவாட்டுப் படமும், கழுத்துமுள், தொண்டை, வாலடி ஆகியவையும் வேண்டும். பாம்புக்குத் தொலைவிலிருந்தே தலையின் மேற்பகுதி, நடுவுடல், வால் ஆகியவற்றைப் பெரிதாக்கி எடுங்கள். ஃபிளாஷை ஓரிரு முறைக்கு மேல் பயன்படுத்த வேண்டாம்.

ஐநேச்சுரலிஸ்ட், இந்தியப் பல்லுயிர்த் தளம் ஆகிய இரண்டிலும் படத்தையும் குரலையும் பதிவேற்றி, அறிந்தவர்களின் கருத்தைப் பெறலாம். கைப்பேசிச் செயலி தானாகப் பரிந்துரைக்கும் பெயரை அப்படியே ஏற்காதீர்கள். அது அதிகம் படமெடுக்கப்பட்ட இனத்தின் பக்கமே சாயும். நட்சத்திர ஆமை, மண்ணுளிப் பாம்பு போன்ற கடத்தலுக்கு உள்ளாகும் உயிர்களின் இடத்தைப் பொதுவெளியில் மறைத்து வையுங்கள். நட்சத்திர ஆமையின் பன்னாட்டு வணிகம் 2019-ல் முற்றிலும் தடைசெய்யப்பட்டும் கடத்தல் நின்றபாடில்லை. வாட்ஸ்அப் குழுக்களில் ஜி.பி.எஸ். விவரத்தோடு படம் அனுப்புவதும் அவற்றைக் காட்டிக்கொடுப்பதற்கு ஒப்பாகும்.

பத்தாம் படி: பதிவேடு

ஒவ்வொரு கணக்கெடுப்புக்கும் ஒரு தாள். தேதி, தொடக்க நேரம், முடிவு நேரம், ஆட்களின் எண்ணிக்கை, வெப்பம், ஈரப்பதம், மேகம், காற்று, கடந்த 24 மணி நேரத்தில் மழை, நிலவின் நிலை, நீர்மட்டம், அண்மையில் மருந்தடித்தார்களா, மரம் வெட்டினார்களா ஆகியவை அதன் தலைப்பகுதி. மூன்று பேர் ஒரு மணி நேரம் தேடினால் அது மூன்று ஆள்மணி. பன்னிரண்டு தவளைகள் கிடைத்தால் ஆள்மணிக்கு நான்கு. இந்த வகுத்தலைச் செய்யாவிட்டால், ஐந்து பேர் சென்ற இரவையும் இருவர் சென்ற இரவையும் ஒப்பிட முடியாது.

ஒன்றும் காணாத இரவின் தாளையும் நிரப்பிச் சேமியுங்கள். தன்னார்வலர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது இதைத்தான். எல்லா நிபந்தனைகளும் பொருந்தியிருந்தும் சென்ற ஆண்டு ஜூனில் கேட்ட குரல் இந்த ஆண்டு ஜூனில் கேட்கவில்லை என்று காட்டக்கூடிய ஒரே சான்று அந்தச் சுழியம்தான்.

பருவமழைக் காலத்தில் இரு வாரத்துக்கு ஒருமுறையும், மற்ற மாதங்களில் மாதம் ஒருமுறையும் செல்லுங்கள். வீடு திரும்பிய அன்றோ மறுநாளோ தாளை விரிதாளில் ஏற்றி, தாளையும் படமெடுத்து வையுங்கள். ஒலிக்கோப்புக்கும் படத்துக்கும் தேதி, இடக்குறி, வரிசை எண் என்ற ஒரே ஒழுங்கில் பெயரிடுங்கள்.

பதினோராம் படி: உங்கள் உயிரின் பாதுகாப்பு

வால்பாறையிலும் மூணாற்றிலும் இருட்டிய பின் யானை, காட்டெருமை, சிறுத்தை, கரடி ஆகியவை தேயிலைக்குள் நடமாடுகின்றன. வால்பாறையில் நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் நிறுவனம் யானை நடமாட்டத்தைக் குறுஞ்செய்தியாகவும் சிவப்பு எச்சரிக்கை விளக்குகளாலும் மக்களுக்குத் தெரிவிக்கும் ஏற்பாட்டை நடத்தி வருகிறது. அன்றைக்கு அருகில் யானை இருப்பதாகத் தகவல் வந்தால் கணக்கெடுப்பு இல்லை. மூவருக்குக் குறைவாகச் செல்ல வேண்டாம். இரவு ஒன்பது மணிக்குள் திரும்பிவிடுங்கள். சிறுவர்கள் இரவு நடைக்கு வேண்டாம், அவர்களுக்குக் குரல் கணக்கெடுப்பை வீட்டு முற்றத்திலிருந்து கொடுங்கள். மேலே பெருமழை பெய்தால் ஓடை திடீரெனப் பெருகும் என்பதால், நீர் கலங்கத் தொடங்கியதும் கரையேறிவிடுங்கள். மழைக்கால வயலிலும் சேற்றிலும் எலிக்காய்ச்சல் தொற்றும். காலில் புண் இருந்தால் இறங்காதீர்கள், தடுப்பு மருந்து பற்றி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

பாம்பு கடித்தால் கடிபட்டவரை உட்காரவோ படுக்கவோ வைத்து, மோதிரம், கொலுசு, கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றி, கடிபட்ட உறுப்பை அசையாமல் மட்டைவைத்துத் தாங்கி, நேரத்தைக் குறித்துக்கொண்டு, 108-ஐ அழைத்து நஞ்சுமுறி உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். கயிற்றால் இறுக்கிக் கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது, பாம்பை அடித்துக் கொண்டுசெல்வது ஆகிய எதுவும் கூடாது. எந்த மருத்துவமனையில் நஞ்சுமுறி இருப்பு உண்டு என்பதை முதல் நடைக்கு முன்பே விசாரித்துப் பதிவுத்தாளின் பின்பக்கத்தில் எழுதி வையுங்கள்.

பன்னிரண்டாம் படி: கணக்கிலிருந்து செயலுக்கு

ஓராண்டுப் பதிவு கையில் வந்ததும் சிறு பணிகளைத் தொடங்கலாம். வழவழப்பான சிமெண்டுத் தொட்டியிலும் கைவிடப்பட்ட கிணற்றிலும் விழும் தவளைகளும் பாம்புகளும் ஏற முடியாமல் சாகின்றன. சாய்வாக ஒரு சொரசொரப்பான பலகையோ முடிச்சிட்ட தேங்காய்நார்க் கயிறோ போட்டால் ஏறிவிடும். ஓடையின் இருபுறமும் சில மீட்டர் அகலத்துக்குக் களைக்கொல்லி தெளிக்காமல் விடும்படி எஸ்டேட் நிர்வாகத்திடம் கேளுங்கள். உங்கள் இரண்டு இடங்களின் ஆள்மணிக் கணக்கைக் காட்டிக் கேட்டால் மறுப்பது கடினம். கொசுவுக்காக எல்லாக் குட்டைகளிலும் கம்பூசியா, திலேப்பியா மீன்களை விடும் வழக்கத்தைத் தடுக்க முயலுங்கள். அவை தலைப்பிரட்டைகளைத் தின்றுவிடும். கோடையில் வற்றும் குட்டை பயனற்றது என்று மண்போட்டு மூடுவார்கள். மீன் இல்லாத அந்தக் குட்டையே வயல் தவளைகளுக்கு முதன்மையான இனப்பெருக்க இடம் என்பதைப் பஞ்சாயத்தின் பல்லுயிர் மேலாண்மைக் குழுவில் எழுத்துபூர்வமாகப் பதிவுசெய்யுங்கள். தெருவிளக்கு ஓடையை நோக்கி எரிந்தால் மறைப்பு போடச் சொல்லுங்கள்.

பதிவேட்டின் ஒரு படி எஸ்டேட் அலுவலகத்திலோ பள்ளி நூலகத்திலோ இருக்கட்டும், இன்னொரு படி அந்தந்த மாநில ரேஞ்ச் ஆபீசுக்கு ஆண்டுதோறும் போகட்டும். வேலை மாறியோ ஓய்வு பெற்றோ ஊரைவிட்டுச் செல்பவர், தன் இடத்தைப் புதியவருக்கு ஒப்படைக்கும் முன் குறைந்தது மூன்று நடைகளை அவரோடு சேர்ந்து செய்து, இருவரும் தனித்தனியே தாள் நிரப்பி, எண்ணிக்கைகள் எவ்வளவு விலகுகின்றன என்று ஒப்பிட்டு, அந்த வேறுபாட்டையும் பதிவேட்டில் எழுதிவிட்டுச் செல்ல வேண்டும்.